ஆற்றோரம் ஒரு நாள்: பேராதனையா, ஹோட்டன் சமவெளியா, கித்துல்கலவா?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்து வீடுகளில் இந்தப் பேச்சு எழும். ஒரு நாள் எங்காவது போய்வர வேண்டும். ஆறு இருக்கவேண்டும், பிள்ளைகள் நடக்க மரநிழலில் பாதை இருக்கவேண்டும், இருட்டுவதற்குள் வீடு திரும்பவேண்டும். தேடிப் பார்த்தால் கடைசியில் மூன்று பெயர்கள் நிற்கும்: பேராதனை தாவரவியல் பூங்கா, ஹோட்டன் சமவெளி, கித்துல்கல. மூன்றும் நல்ல இடங்கள்தான், ஆனால் எல்லாக் குடும்பத்துக்கும் மூன்றும் ஒத்துவராது. யார் யார் வருகிறார்கள் என்று முதலில் பாருங்கள், அப்புறம் இடத்தைத் தீர்மானியுங்கள். இடத்தை முதலில் முடிவுசெய்துவிட்டு, நடக்க முடியாது என்று அப்பாயியை வீட்டில் விட்டுப்போவது எனக்கு ஒப்பாத காரியம்.

அப்பாயியும் கைக்குழந்தையும் வருகிறார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், பேராதனை. மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்து ஓட, நடுவில் 147 ஏக்கரில் கிடக்கிறது பூங்கா. 1821இல் அலெக்சாண்டர் மூன் என்ற தாவரவியலாளர் காலத்தில் உருவான தோட்டம் அது. பெரும்பாலும் சமதரை, அகலமான பாதை. தள்ளுவண்டி தாராளமாகப் போகும். கண்டி பஸ்ஸில் வந்து பேராதனையில் இறங்கினால் வாசல் கிட்டத்தான்.

பெரும்பாலானோர் ஓர்கிட் வீட்டையும் பனைமர வரிசைகளையும் பார்த்துவிட்டு, பெரிய புல்வெளியில் கிளை விரித்து நிற்கும் அத்திமரத்தின் கீழ் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆற்றங்கரைப் பாதையைத் தவறவிடாதீர்கள். அங்கே நிற்கும் ராட்சத மூங்கில் புதர்களில் மழைக்காலத்தில் புதுக் குருத்து விடும். ஆள் தொடை பருமனில், கருஞ்சிவப்பு உறை போர்த்து மண்ணைப் பிளந்துகொண்டு வரும் அந்தக் குருத்தின் பக்கத்தில் பிள்ளையை நிறுத்திப் பாருங்கள். அண்ணாந்து பார்த்தால் பழந்தின்னி வௌவால்கள் பகலிலும் கூச்சலிட்டபடி கொத்துக்கொத்தாகத் தொங்கும். குறைகளும் உண்டு. ஆற்றைப் பார்க்கலாமே தவிர கால் நனைக்க முடியாது. சனி, ஞாயிறுகளில் கூட்டம் நெரியும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 460 மீற்றர் உயரம்தான் என்பதால் மேலிருந்து ஸ்வெட்டரோடு இறங்குகிறவர்களுக்கு மதியம் வியர்த்துக் கொட்டும். காலையிலேயே போய்விடுங்கள்.

ஹோட்டன் சமவெளி முற்றிலும் வேறு மாதிரி. 2,100 மீற்றருக்கு மேலே காற்றும் புல்லும் குள்ள மரங்களுமாக இருக்கிற இடம். 1988இல் தேசியப் பூங்காவானது, 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. இங்கே நடக்க வந்தவர்கள்தான் வரவேண்டும். வட்டப்பாதை ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர். நிதானமாக நடந்தால் மூன்று மணித்தியாலத்துக்கு மேலாகும். பெலிஹுல் ஓயா கூடவே வரும், பேக்கர் நீர்வீழ்ச்சியில் விழும். நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் படிகள் ஈரத்தில் வழுக்கும், முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே நின்றுகொள்ளலாம். பத்து வயதுக்கு மேற்பட்ட, நடந்து பழகிய பிள்ளைகள் இருந்தால் மூன்றிலும் இதையே நான் முதலில் சொல்வேன். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இந்த மேட்டிலிருந்துதான் நீர் இறங்குகிறது. தோட்டத்து லயத்துப் பின்னால் ஓடும் ஓடை எங்கிருந்து வருகிறது என்று கேட்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் வேறெங்கும் கிடைக்காது.

நேரம்தான் இங்கே எல்லாம். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறி, உலக முடிவு என்று சொல்லும் செங்குத்துப் பாறை விளிம்பில் வெள்ளைத் திரையைத் தவிர ஒன்றும் தெரியாது. நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாக வர இருட்டோடு புறப்படவேண்டும். வேன் பேசிப் போனால் செலவு கூடும். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும், விடியலில் குளிர் எலும்பைத் தொடும். வாசலில் பையைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூட உரித்துவிடுவார்கள். அது சரியான வேலை. லன்ச் சீட்டை விட்டுவிட்டு ரொட்டியையும் சம்பலையும் பாத்திரத்தில் கொண்டுபோங்கள். வாகனங்கள் நிற்கும் இடத்தில் மரைகள் ஆளுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். தயவுசெய்து பணிஸ் நீட்டாதீர்கள். நம் சாப்பாடும் அதோடு போகும் பொலித்தீனும் அவற்றின் வயிற்றைக் கெடுக்கின்றன.

கித்துல்கல இளவட்டங்களுக்கான இடம். ஹட்டன்–கொழும்பு பாதையிலேயே இருப்பதால் போவது சுலபம். களனி கங்கையைப் படகில் கடந்தால் மாகந்தாவ வனம். அடர்ந்த ஈரக்காடு, பறவை பார்க்கிறவர்களுக்குச் சொர்க்கம். இலங்கைக்கே உரிய செந்நிறச் சிறு ஆந்தை ஒன்றின் குரல் 1995இல் முதன்முதலில் கவனிக்கப்பட்டது இந்தக் கித்துல்கலக் காட்டில்தான். அது புதிய இனம் என்று 2004இல் அறிவிக்கப்பட்டது. அட்டைகள் ஏராளம். கொழுந்து எடுக்கப் போகிற நம் பெண்கள் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்வார்களே, அதே வைத்தியம் இங்கும் செல்லும்.

ஆனால் ஆற்றைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டும். மேலே நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. தண்ணீர் திறந்தால் இங்கே மழை இல்லாமலே ஆறு ஏறும். முழங்கால் அளவு என்று இறங்கிய பாறை சற்று நேரத்தில் மூழ்கிவிடும். படகுச் சவாரி போனால் உயிர்காப்பு அங்கியை முழுதாகப் பூட்டிக்கொள்ளுங்கள், தனியாகக் குளிக்க இறங்கவே வேண்டாம். சின்னப் பிள்ளைகளோடு இங்கே போக நான் சொல்லமாட்டேன். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை இந்தச் சரிவில்தான் வந்து மோதும், அந்த மாதங்களில் யாருக்குமே வேண்டாம்.

கடைசியாக இரண்டு விஷயம். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்திருந்தால் பேராதனையிலும் சமவெளியிலும் அவர்களுக்கு டிக்கெட் விலை பல மடங்கு. இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள் அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். மழை பிடித்திருந்தால் புறப்படுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். உங்கள் வழியில் உள்ள பிரதேசத்தின் பெயர் அதில் இருந்தால் வேன்காரரிடம் பேசி வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.