நம்பரை மாற்றினால் போதுமா? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

அடித்துத் துன்புறுத்தியவரை விட்டு வெளியே வந்ததும் சுற்றியிருப்பவர்கள் சொல்லும் முதல் யோசனை, "நம்பரை மாற்று." உறவை முறித்துக்கொண்டு வந்த முதல் சில மாதங்கள்தான் ஆபத்து மிகுந்தவை. போன் விஷயத்தில் அப்போது அவசரப்படக் கூடாது.

இருக்கும் போனிலேயே அந்த ஆளைப் பிளாக் செய்வது முதல் வழி. காசு செலவில்லை, அன்றிரவே தூக்கம் வரும். ஆனால் மிரட்டல்கள் வந்து சேராவிட்டால் நாளை நீதிமன்றத்தில் காட்டக் கையில் எதுவும் இருக்காது. பேச வழியில்லை என்றதும் நேரில் வந்து நிற்பவர்களும் உண்டு. நமக்குத் தெரியாமல் நம்மைக் கண்காணிக்கும் வேவு செயலி போனுக்குள் இருந்தால் பிளாக் அதை ஒன்றும் செய்யாது.

போனை முழுவதுமாக அழித்துப் புதிதாக்குவது இரண்டாவது. வேவு செயலி பெரும்பாலும் போய்விடும். நகல் எடுக்காவிட்டால் சாட்சியங்களும் கூடவே போய்விடும். வேவு திடீரென நின்றதை அந்த ஆள் கவனிக்காமல் இருக்கப் போவதில்லை. என் கணக்கில் இதற்குக் கடைசி இடம்தான்.

புதிய போன், புதிய எண், மிரட்டல்களுக்குச் சாட்சியாகப் பழையதும் உயிரோடு இருக்கட்டும் என்பது மூன்றாவது. செலவு அதிகம், முடிந்தவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். இதிலும் ஒரு பொறி உண்டு. புதிய போனை வாங்கி, பழைய கணக்கிலேயே நுழைந்து, பழைய பேக்கப்பை இறக்கிக்கொள்வது, வீடு மாறியும் பழைய பூட்டையே கழற்றிவந்து மாட்டுவதற்குச் சமம். சாவி அந்த ஆளிடம் இருக்கிறது. மின்னஞ்சல் முதற்கொண்டு எல்லாம் புதிதாக, புதிய போனிலேயே தொடங்கப்பட வேண்டும். வங்கிக்குக் கொடுத்திருக்கும் எண்ணையும் உடனே மாற்றிவிடுங்கள்.

வாங்க வசதியில்லாத ஐபோன்காரர்களுக்கு 2022இல் வந்த 'பாதுகாப்புச் சரிபார்ப்பு' (Safety Check) என்ற வசதி இருக்கிறது. யார் யாருக்கு நம் இருப்பிடம் போகிறது என்பதை அது காட்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் துண்டித்தால் அந்தப் பக்கம் தெரிந்துவிடும் என்பதையும் யோசித்துச் செய்யுங்கள்.

சரி, பழைய போன் எங்கே இருக்க வேண்டும்? புதிய வீட்டில் மட்டும் கூடாது. 2021 முதல் பல ஐபோன்கள் அணைத்து வைத்தாலும் இருக்குமிடத்தைக் காட்டக்கூடியவை. தோழி வீட்டில் வைத்தால் தொல்லை அவளைத் தேடிப் போகும். அந்த ஆளுக்கு ஏற்கெனவே தெரிந்த, காவல் உள்ள அலுவலகமோ வழக்கறிஞர் அறையோ நல்லது. குழந்தையின் டேப்லெட்டைத்தான் பலரும் மறக்கிறார்கள். அப்பாவின் கணக்கில் திறந்திருக்கும் அந்த ஒன்று போதும், முகவரி போய்ச் சேர.

வாரம் ஒருமுறை பழைய போனைத் திறந்து, வந்தவற்றைத் தேதியும் நேரமும் தெரியும்படி வேறொரு போனில் படமெடுத்து வையுங்கள். தனியாகத் திறக்காதீர்கள். பதில் எழுதக் கை துறுதுறுக்கும். பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும்.