இடுப்பெலும்பு முறிவு: வெளிச்சட்டமா, உள்தகடும் திருகாணியுமா?

காரைக்குடிப் பக்கம் பைக் விபத்தில் இடுப்பு வளையம் உடைந்து நிலைகுலைந்த ஒருவரை மதுரைக்குக் கொண்டு செல்ல ஏறத்தாழ 85 கிலோமீட்டர் ஓட வேண்டும். அவ்வளவு நேரமும் உயிருக்கு ஆபத்தாக இருப்பது உள்ளே கசியும் இரத்தமே. ஆகவே புறப்படும் முன்பே, வயிற்றிலோ இடுப்பு விளிம்பிலோ அல்லாமல், தொடைகளின் மேற்பக்கவாட்டுப் புடைப்புகளின் மட்டத்தில் பட்டையை இறுக்கிக் கட்டியாக வேண்டும்.

இடுப்பு விளிம்பெலும்பில் ஆணிகளைச் செலுத்தி வெளியே கம்பிகளால் பிணைக்கும் சட்டத்தை விரைவில் பொருத்திவிடலாம். விரிந்த வளையம் சுருங்குவதால் இரத்தக்கசிவும் மட்டுப்படுகிறது. ஆனால் முன்புறத்தை மட்டுமே பிடிக்கும் அச்சட்டத்தால், பின்புற மூட்டும் அறுந்து ஒரு பக்கம் மேலேறிவிட்ட முறிவைத் தனியாகத் தாங்க இயலாது. ஆணித் துளைகளில் சீழ் பிடிப்பதுண்டு. வயிற்றின் முன் துருத்தும் கம்பிகளுக்கு மேல் வேட்டியோ சேலையோ கட்டுவதும், செட்டிநாட்டு வீட்டின் உயர்ந்த வாசற்படியைத் தாண்டுவதும் வாரக்கணக்கில் பெரும்பாடாகின்றன.

உள்பொருத்தலில், இடுப்பெலும்புகள் முன்னால் சேரும் முன்னிணைப்பு 2.5 சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் பொதுவாகத் தகடு வைக்கிறார்கள். பின்புறத்தில், எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, சிறு கீறல் வழியே, முதுகெலும்பின் அடியில் உள்ள திருவெலும்புக்குள் நீண்ட திருகாணியைச் செலுத்துகிறார்கள். திருகாணி சற்றே விலகினாலும் காலுக்குச் செல்லும் நரம்பு காயப்படக்கூடும் என்பதால், இதற்குத் தேர்ந்த கை வேண்டும். நோயாளியின் இரத்த அழுத்தமும் சீராகியிருக்க வேண்டும்.

பின்புறமும் உடைந்தவருக்கு உள்பொருத்தலே உறுதியானது என்பது என் கருத்து. மலக்குடலோ சிறுநீர்ப்பையோ கிழிந்து காயம் மாசுபட்டிருந்தால் மட்டும் முன்புறத்துக்கு வெளிச்சட்டமே பெரும்பாலும் பாதுகாப்பானது.