நாய்க்கு ஃப்ரெஷ் ஃபுட் சப்ஸ்கிரிப்ஷனா, வீட்டு சமையலா?

சந்தா கட்டினா நாய்க்கு ஏத்த மாதிரி ஆக்கின சாப்பாடு பாக்கெட்ல வீட்டுக்கே வரும், அதுதான் ஃப்ரெஷ் ஃபுட் சப்ஸ்கிரிப்ஷன். அத எடுக்கலாமா, வீட்லயே ஆக்கலாமான்னு பாண்டில நாய் வளக்குற நிறைய பேருக்கு குழப்பம் இருக்கு, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்போம்.

செலவு
சப்ஸ்கிரிப்ஷன்: எடைக்கு ஏத்த மாதிரி ஏறும். 5 கிலோ பொமரேனியனுக்கு சமாளிச்சிடலாம், 30 கிலோ லேப்ரடார்னா மாசாமாசம் கையக் கடிக்கும்.
வீடு: பெரிய மார்க்கெட்ல கறி வாங்கி ஆக்கினா கம்மிதான்.

சத்து
வீடு: இங்கதான் சிக்கல். வெறும் கறியும் சோறும்னா பாஸ்பரஸ் ஏறிடும் கால்சியம் பத்தாது, வளர்ற குட்டிக்கு எலும்பு வீக்காகி கால் வளையும், அதுக்காக வெந்த எலும்ப போட்டுடாதீங்க, சில்லு சில்லா உடைஞ்சு குடல்ல குத்தும். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு சோறும் வேணவே வேணாம், ரத்த சிவப்பணுக்கள உடைக்கும்.
சப்ஸ்கிரிப்ஷன்: அளந்து கலந்து வரும். ஆனா எல்லா பாக்கெட்டுமே நாய்க்கு வேண்டிய மொத்த சத்தும் இருக்குற முழு உணவு இல்ல, எந்த வயசு நாய்க்குன்னு லேபிள்ல பாத்துதான் வாங்கணும்.

ஸ்டோரேஜ்
சப்ஸ்கிரிப்ஷன்: ஃப்ரீசர்ல இடம் வேணும். 2011 தானே புயலப்போ கடலூர்ல நாள்கணக்கா கரண்ட் இல்ல, அந்த மாதிரி நேரத்துல மொத்த ஸ்டாக்கும் போச்சு.
வீடு: அன்னன்னைக்கு ஆக்குறது, பிரச்சனை இல்ல.

சின்ன நாய், சமைக்க நேரமில்லாத வீடுன்னா சப்ஸ்கிரிப்ஷன் எடுங்க, ஒரு வாரமா பழைய சாப்பாட்டோட கலந்து மெதுவா மாத்துங்க. பெரிய நாய்னா டாக்டர் சொல்ற கால்சியம் சேத்து வீட்லயே ஆக்குங்க. கிட்னி பிரச்சனை இருக்குற நாய்னா ரெண்டுக்கும் முன்னாடி குரும்பாபேட் வெட்னரி காலேஜ்ல காட்டிடுங்க.