தைலமா, பாஸ்டலா: பிரெஞ்சு மாகாண உருவப்படங்கள்

18ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் மாகாண நகரங்களில் வரையப்பட்ட உருவப்படங்களைப் பிரதி எடுத்துப் பழகலாம் என்று இறங்கியபோது, தைல வண்ணத்தில் தொடங்குவதா, உலர்ந்த வண்ணப் பொடியைக் குச்சியாக்கிய பாஸ்டலில் தொடங்குவதா என்று சில வாரங்கள் தடுமாறினேன். இறுதியில் பாஸ்டலையே எடுத்தேன். ஆகவே இந்த அலசலில் அந்தச் சாய்வு தெரியத்தான் செய்யும்.

மதிப்பில் தைலமே மேல். பெசான்சோனில் பிறந்து லியோனில் நிலைத்த டொனாத்தியன் நொனோத் அதில்தான் பெயர் பெற்றார். பாஸ்டலுக்குப் புகழ்பெற்ற ஓவியர் பெரோனோகூட 1753இல் அரச ஓவிய, சிற்பக் கழகத்தில் உறுப்பினராக இரண்டு தைல உருவப்படங்களையே அளித்தார். ஆனால் ஓர்லெயான், போர்தோ, லியோன் என்று ஊர் ஊராகச் சென்று வரைந்த அவருக்கு, அடுக்கு அடுக்காக உலரக் காத்திருக்க வேண்டாத பாஸ்டல் எவ்வளவு தோதாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். தைலத்தின் மேல் பூசிய வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகிறது. அதை அகற்றும் ஒவ்வொரு முறையும் அடியிலுள்ள மெல்லிய வண்ணப் பூச்சுக்கும் ஆபத்து உண்டு. பாஸ்டலில் எண்ணெயும் இல்லை, வார்னிஷும் இல்லை. பெரோனோ கன்னத்து நிழலில் தேய்க்காமல் விட்ட பச்சைக் கோடு இன்றும் கோடாகவே நிற்கிறது; அதைப் பிரதி எடுக்கையில் விரலால் தேய்த்துவிட்டேன், முகமே செத்துப்போயிற்று.

இதற்கு விலை உண்டு. கண்ணாடி கட்டாயம், ஈரம் பூஞ்சையைக் கொண்டுவரும், சில சிவப்புகளும், வரையப் பயன்படும் நீலத் தாளும் வெளிச்சத்தில் வெளுக்கும், அதிர்ந்தால் பொடி உதிரும். பொடியை நிலைநிறுத்த லோரியோ என்பவர் கண்டறிந்த முறை 1753இல் கழகத்தின் முன் வைக்கப்பட்டும், அதன் இரகசியம் 1780இல்தான் வெளியானது. மொரீஸ் காந்தேன் தெ லா தூர் என்ற பாஸ்டல் ஓவியரோ, சக ஓவியர் ரெஸ்தூவை வரைந்த தம் பழைய படத்தைப் பின்னாளில் திருத்தப்போய் கெடுத்தே விட்டார். ஆயினும் லா தூர் பிறந்த சேன் காந்தேன் நகரின் லெக்குயே அருங்காட்சியகத்திலிருந்த அவருடைய பாஸ்டல்கள், முதல் உலகப் போரில் ஜெர்மானியரால் 1917இல் மோபேஜ் நகருக்குக் கொண்டுபோகப்பட்டு, போர் முடிந்தபின் மீண்டும் ஊர் திரும்பின. உதிரும் பொடி என்று அஞ்சப்படும் ஒன்று இத்தனை இடமாற்றத்தையும் தாங்கியிருக்கிறது.

தைலத்தில் நான் முடித்தவை இரண்டே தலைகள் என்பதால், அதன் ஆழ்ந்த நிழல்களைப் பற்றி அதிகாரமாகப் பேச மாட்டேன். கறுப்பு வெல்வெட் அங்கிக்கு அதுவே மேல் என்று மட்டும் தோன்றுகிறது. என் பிரதி ஒன்றை ஒருமுறை வீடு மாற்றியதற்கே, சட்டகத்தின் கீழோரத்தில், கண்ணாடிக்கு உட்புறம், மெல்லிய இளஞ்சிவப்புப் பொடிக்கோடு விழுந்துவிட்டது. அடிக்கடி வீடு மாற்றுபவர் கேட்டால் தைலத்தையே எடுக்கச் சொல்வேன்.