கிளாட் ஹாப்கின்ஸின் ‘சயின்டிஃபிக் அட்வர்டைசிங்’: காப்பிரைட்டிங் கற்க இந்தப் பழைய புத்தகம் போதுமா?

காப்பிரைட்டிங், அதாவது விளம்பர வாசகம் எழுதுவது, கற்றுக்கொள்ள எந்த கோர்ஸில் சேரலாம் என்று கேட்பவர்களிடம், பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் இந்தப் புத்தகத்தை ஒருமுறை படித்துவிடுங்கள் என்றுதான் சொல்லி வருகிறேன். 1923இல் வந்தது. எழுதியவர் 1932இல் இறந்துவிட்டார், இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகளில் பதிப்புரிமை முடிந்துவிடும், அதனால் இணையத்தில் பிடிஎஃப்பாக இலவசமாகவே கிடைக்கிறது. மொத்தம் 21 அத்தியாயங்கள், எல்லாமே குட்டி குட்டி. ஆங்கிலமும் பயப்படும்படி இல்லை, சின்னச் சின்ன வாக்கியங்கள்தான், தமிழ்வழியில் படித்தவர்களும் அகராதியை அதிகம் புரட்டாமல் படித்துவிடலாம். சரி, ஓசியில் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் ஒன்றைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள முடியாதே, அதனால் இதில் எது இன்றைக்கும் உதவுகிறது, எது உதவாது என்று பார்க்கலாம்.

ஹாப்கின்ஸ் சிகாகோவில் லார்ட் அண்ட் தாமஸ் என்ற விளம்பர ஏஜென்சியில் வேலை பார்த்தவர். பெப்சோடென்ட் பற்பசையை அமெரிக்கர்களின் பழக்கமாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவருடைய முறையில் விளம்பரத்தின் அடியில் ஒரு கூப்பன் இருக்கும், வெட்டி அனுப்பினால் சாம்பிள் வரும், எந்தப் பத்திரிகையில் வந்த எந்த விளம்பரத்தின் கூப்பன் என்று தெரிவதற்கு அதில் ஒரு குறியீடும் இருக்கும். வந்த கூப்பன்களை எண்ணினால் எந்தத் தலைப்பு ஆளை இழுத்தது, எது படுத்துவிட்டது என்று கணக்கு வந்துவிடும். இன்று நாம் ஒரே விளம்பரத்தை இரண்டு தலைப்புகளில் ஓடவிட்டு எதற்கு கிளிக் அதிகம் என்று பார்க்கிறோமே, அதே வேலைதான், நடுவில் தபால்காரர் மட்டும் கூடுதல். தலைப்பை மட்டும் மாற்றி வரவு ஐந்து மடங்கு, பத்து மடங்கு கூடுவது அபூர்வமில்லை என்று எழுதுகிறார். தலைப்புக்குக் கடைசி ஐந்து நிமிடத்தை ஒதுக்குகிறவர்கள் அந்த 5ஆவது அத்தியாயத்தை மட்டுமாவது படிக்க வேண்டும்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை புத்தகத்தின் உயிர் 7ஆவது அத்தியாயம். குறிப்பாகச் சொல், பொதுவாகச் சொல்லாதே என்பதுதான் விஷயம். அதில் ஒரு பீர் கதை வருகிறது. அந்தக் காலத்தில் எல்லா பீர் கம்பெனியும் ‘சுத்தமானது’ என்ற ஒரே சொல்லைத்தான் பெரிது பெரிதாக அச்சடித்துக்கொண்டிருந்தது, யாரும் சட்டை செய்யவில்லை. அப்புறம் ஒரு கம்பெனி மட்டும், வடிகட்டிய காற்று உள்ள கண்ணாடி அறையில் பீரைக் குளிரவைப்பதையும், பாட்டிலை இயந்திரத்தில் நான்கு முறை கழுவுவதையும், நல்ல தண்ணீருக்காக 4,000 அடி ஆழத்துக்குத் துளை போட்டதையும் விளம்பரத்தில் விலாவாரியாகச் சொன்னது. இதெல்லாம் மற்ற கம்பெனிகளும் செய்துகொண்டிருந்தவைதான், யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, அவ்வளவே. முதலில் சொன்னவருக்கு விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. புத்தகத்தில் பெயர் சொல்லாமல் விட்டிருக்கிறார், அது ஷ்லிட்ஸ் பீர், அந்த விளம்பரத்தை எழுதியதும் இவர்தான்.

இது தமிழில் எடுபடுமா என்று கேட்டால், தாராளமாக. அண்மையில் ஒரு செக்கு எண்ணெய்க் கடைக்கு நோட்டீஸ் எழுதும் வேலை வந்தது. பழைய நோட்டீஸில் ‘பாரம்பரிய முறையில் தயாரிக்கப்பட்ட, 100 சதவீதம் சுத்தமான, தரமான எண்ணெய்’ என்று இருந்தது. ஊரில் உள்ள எல்லா எண்ணெய்க் கடையிலும் இதே வரிதான், கடைப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எழுதுவதை ஓரமாக வைத்துவிட்டு கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“எள்ளு ஆட்டும்போது கருப்பட்டி எதுக்குண்ணே போடுறீங்க?”

“கசப்பு தெரியாது தம்பி. எண்ணெயும் நல்லாப் பிரிஞ்சு வரும். இதெல்லாமா நோட்டீஸ்ல போடுவாங்க?”

இதைத்தான் போட வேண்டும். செக்கு வாகை மரத்தில் செய்தது, லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ எள் போகிறது, ஆட்டிய எண்ணெயை உடனே பாட்டிலில் அடைக்காமல் வெயிலில் வைத்துத் தெளியவிட்டு மேலாக எடுக்கிறார்கள், எல்லாம் பேச்சுவாக்கில் வந்தவை. பாக்கெட் எண்ணெயைவிட விலை ஏன் கூடுதல் என்று வாடிக்கையாளர்கள் தினம் கேட்கும் கேள்விக்கு அந்த இரண்டரை கிலோவே பதில். நோட்டீஸில் ‘தரமான’ என்ற சொல்லே இல்லை, கடைக்காரருக்கு முதலில் அது ஒரு குறையாகப் பட்டது.

11ஆவது அத்தியாயமும் இதன் தொடர்ச்சிதான், எழுதுவதற்கு முன் பொருளைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படி என்கிறது. இந்தப் புத்தகத்தை ஏழு முறை படிக்காதவரை விளம்பர வேலை பக்கமே விடக்கூடாது என்று சொன்ன பிரபல விளம்பர நிபுணர் டேவிட் ஓகில்வி, இதை அப்படியே செய்து காட்டியவர். 1958இல் ரோல்ஸ் ராய்ஸுக்கு அவர் எழுதிய புகழ்பெற்ற தலைப்பு, மணிக்கு 60 மைல் வேகத்திலும் காருக்குள் கடிகாரச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது என்பது, ஒரு மோட்டார் பத்திரிகையின் தொழில்நுட்ப ஆசிரியர் சொன்னது. அந்தக் காரைப் பற்றி வாரக்கணக்கில் படித்ததில் கண்ணில் பட்டிருக்கிறது.

இனி குறைகள். அதே 11ஆவது அத்தியாயத்தில் தன் பெருமையாக ஹாப்கின்ஸ் ஒன்று சொல்கிறார். காஃபின் நீக்கிய காபிக்கு விளம்பரம் எழுத ஏராளமாகப் படித்தாராம், அதில் ஒரே ஒரு கட்டுரையில், காஃபினின் வேலை குடித்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும் என்று இருந்ததாம், அப்படியானால் காபி குடித்தவுடன் வரும் தெம்புக்கும் காஃபினுக்கும் சம்பந்தமில்லை என்று பிடித்துக்கொண்டார். இது தப்பு. காஃபின் பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ரத்தத்தில் உச்சத்தைத் தொட்டுவிடும். குறிப்பாகச் சொன்னால் நம்புவார்கள் என்பது பொய்க்கும் பொருந்தும், அந்த ஆபத்தைப் பற்றி இவர் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் லிக்விஸோன் என்ற சர்வரோக நிவாரணியை விற்ற கம்பெனியில் பங்கு வைத்திருந்தவர் இவர், 1905இல் கோலியர்ஸ் பத்திரிகை போலி மருந்துகளைத் தோலுரித்தபோது அதுவும் சிக்கியது. புத்தகப் பெயரில் ‘சயின்டிஃபிக்’ என்று இருப்பதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். கடைக்காரர் சொன்ன எண்ணை அப்படியே எழுதாமல் பில்லையோ பரிசோதனைச் சான்றையோ கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

இன்னொன்று, விளம்பரம் வேடிக்கை காட்டக்கூடாது, ஆடல் பாடல் எல்லாம் வீண் என்ற அவருடைய பிடிவாதம். நிர்மா பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சர்ஃபைவிட விலை ரொம்பக் குறைவாக இருந்ததுதான் நிர்மாவுக்குப் பெரிய பலம் என்று ஹாப்கின்ஸ் பக்கம் நின்று வாதாடலாம், இருந்தாலும் கடையில் போய்ப் பெயர் சொல்லிக் கேட்க வைத்தது பாட்டுதான். தபாலில் பொருள் விற்றவர்களின் அனுபவத்திலிருந்து வந்த விதிகள் இவை, டிவிக்கும் ரீல்ஸுக்கும் அப்படியே பொருத்த முடியாது. கடைகளுக்குச் சரக்கு கொண்டுசேர்ப்பது, டீலர்களை நம்பாதே என்பது பற்றிய 14, 16ஆவது அத்தியாயங்கள் அந்தக் கால அமெரிக்காவோடு முடிந்துபோனவை, தாண்டிவிடுங்கள்.

அப்படியானால் கோர்ஸே வேண்டாமா? நான் பணம் கட்டிச் சேர்ந்த ஒன்றில் டெம்ப்ளேட்டுகள் கொடுத்தார்கள், ‘பவர் வேர்ட்ஸ்’ என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள், முடிவில் சான்றிதழும் வந்தது, எழுதிக் கொடுத்த பயிற்சிகளை யாராவது படித்தார்களா என்பதுதான் கடைசி வரை தெரியவில்லை. உங்கள் வரிகளை எடுத்துவைத்து, இது ஏன் சப்பென்று இருக்கிறது என்று ஓர் ஆள் உட்கார்ந்து சொல்வார் என்றால் காசு கொடுக்கலாம். அந்த வேலையை எந்தப் புத்தகமும் செய்யாது, இதுவும் செய்யாது.

அச்சுப் பிரதிதான் வேண்டும் என்பவர்கள், இவருடைய 1927ஆம் ஆண்டுத் தன்வரலாற்றையும் சேர்த்துக் கட்டிய பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், ஷ்லிட்ஸ் கதை அதில் முழுசாக இருக்கிறது. மலிவு விலைப் பதிப்புகளில் கவனம் தேவை. எனக்கு வந்த ஒன்றில் ஸ்கேன் செய்ததைத் திருத்தாமல் அப்படியே அடித்திருந்தார்கள், பத்திகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பல இடங்களில் எழுத்துகளே மாறிப்போய், இலவச பிடிஎஃப்பே அதைவிடத் தெளிவாக இருந்தது.