'பிளாஸ்டிக்குக்கான ஸ்குரூ' என்றால் நம்பிவிடாதீர்கள்: எனக்குப் போனது 23,600 ரூபாய்

ஸ்குரூ வாங்கிய இணையதளத்திடமிருந்து நேற்று இரவுதான் கடைசிப் பதில் வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கோவையில் சிறிய சி.என்.சி. (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு பேக்கிங் இயந்திரத்துக்கு 30 சென்சார் பெட்டிகள் செய்தேன். டெல்ரின் உடல், பாலிகார்பனேட் மூடி; இரண்டுமே பிளாஸ்டிக்தான். 'பிளாஸ்டிக்குக்கான ஸ்குரூ' என்று போட்டிருந்ததைத் தொழிற்சாலைப் பொருட்கள் விற்கும் ஓர் இணையதளத்தில் பார்த்தேன். பிளாஸ்டிக்குக்கு மரையின் விளிம்பு ஒல்லியாக, அதாவது அதன் கோணம் குறைவாக இருக்க வேண்டும். சந்தேகம் தீர விற்பவரையே போனில் பிடித்து, "மரைக் கோணம் 30 டிகிரிதானே?" என்று கேட்டேன். "அதேதான் சார். கோவையில் பாதிப் பட்டறைக்கு நான்தான் கொடுக்கிறேன்" என்றார். ஊர்ப் பெயரைச் சொன்னதும் நம்பிவிட்டேன். மாதிரிகூடக் கேட்காமல் 1,850 ரூபாய் கட்டினேன்.

முப்பதையும் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் 11 பெட்டிகளில் துளையை ஒட்டிய சுவர் நெடுக்காகப் பிளந்திருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தகரத்தில் போடும் 60 டிகிரி மரை! அந்த அகன்ற மரை பிளாஸ்டிக்கைப் பக்கவாட்டில் நெம்பித் தள்ளும். மெல்லிய சுவர் எப்படித் தாங்கும்?

போன் செய்தால், "நீங்கள் அதிகமாக முறுக்கியிருப்பீர்கள். லேசாக இறுக்கி, மரையைப் பூட்டும் பசை இரண்டு சொட்டு விடுங்கள்" என்றார். டெலிவரி அவசரத்தில் அதையும் செய்தேன். அந்தப் பசை உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில்தான் இறுகும். இங்கே இறுகாமல் மூடிக்குக் கசிந்தது. பாலிகார்பனேட்டுக்கு அது ஆகவே ஆகாது. மாலைக்குள் மீதி 19 மூடிகளிலும் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் தலைமுடி போல வெள்ளை விரிசல்கள். பொருளும் கூலியுமாக 21,750 ரூபாய் குப்பைக்குப் போனது. ஸ்குரூவையும் சேர்த்து 23,600.

அதன்பின் அவர் போனை எடுக்கவே இல்லை. இணையதளமோ "விற்பனையாளரைத் தொடர்புகொள்ளவும்" என்றது. மூன்றாம் முறை கேட்டபோது "பாக்கெட் பிரிக்கப்பட்டதால் திரும்பப் பெற இயலாது" என்றது. பிரிக்காமல் மரையை எப்படிப் பார்ப்பது? நேற்று இரவு என் புகாரின் மேல் 'தீர்க்கப்பட்டது' என்று போட்டு மூடியும் விட்டார்கள். 23,600 ரூபாய்க்கு என்ன தீர்வு கொடுத்தார்கள்?

வாங்குகிறவர்களுக்கு: மரைக் கோணத்தை எழுத்தில் வாங்குங்கள், போன் பேச்சு செல்லாது. முதலில் பத்தே ஸ்குரூ வாங்கி, வெட்டி மிஞ்சிய துண்டில் மாட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். மூடியில் துளையைச் சற்றுப் பெரிதாகப் போட்டு வாஷர் வையுங்கள். அடிக்கடி கழற்றி மாட்டுவதாக இருந்தால் பித்தளை இன்சர்ட்தான் (துளைக்குள் பதிக்கும், உள்ளே மரை வெட்டிய சிறு குழாய்) சரி. யார் சொன்னாலும் பாலிகார்பனேட் பக்கம் அந்தப் பசையைக் கொண்டுபோகாதீர்கள்.