பவானிசாகர் பிட்டுக்கடை: ஒன்பது மணிக்குள் போனால் கிடைக்கும்

பவானிசாகர் என்றாலே அணைப் பூங்காவும் அதன் வெளியே பொரித்துத் தரும் மீனும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். நான் சொல்லும் கடை அந்தப் பக்கமே இல்லை. சத்தியமங்கலத்திலிருந்து வரும் பஸ்ஸில் கேம்ப் என்று கேட்டு இறங்க வேண்டும். 2021இல் அரசாங்கம் அகதிகள் முகாம் என்பதை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றிவிட்டது. கண்டக்டர் வாயில் இன்னும் கேம்ப்தான். இறங்கிக் கொஞ்சம் நடந்தால் வேப்ப மரத்தடியில் ஒரு ஓட்டு வீட்டுத் திண்ணை. போர்டு கிடையாது. ஆறரை மணிக்கு ஆவி பறந்தால் கடை திறந்தாச்சு.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். வாய்க்கால் ஓரத் தோட்டங்களுக்கு விடியவே எக்ஸெல் வண்டியில் கிளம்பிவிடுவேன். மூன்று வருஷமாக வாரத்தில் இரண்டு நாளாவது காலைச் சாப்பாடு இங்கேதான்.

இது குழாயில் அடைத்துத் தள்ளுகிற புட்டு இல்லை. அரிசி மாவும் அவித்த கோதுமை மாவும் கலந்து, கொதிநீர் விட்டுப் பிசறி, டம்ளர் விளிம்பால் கொத்திக் கொத்தி மணி மணியாக்குகிறார் கடை நடத்தும் அக்கா. அப்புறம் தேங்காய்த் துருவல் சேர்த்து நீத்துப்பெட்டியில் போட்டு அவிக்கிறார். பனையோலையில் கூம்பாகப் பின்னிய பெட்டி அது. பானை வாயில் செருகி வைத்தால் ஓலை வாசம் பிட்டில் ஏறிவிடும். தொட்டுக்கொள்ளச் சொதி: தேங்காய்ப்பாலில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் எலுமிச்சை பிழிவார், இல்லாவிட்டால் பால் திரிந்துவிடுமாம். ஒரு வட்டல், அதாவது ஒரு தட்டு, 30 ரூபாய், சொதி கேட்கக் கேட்க ஊற்றுவார். உரலில் இடித்த சம்பலில், அதாவது மிளகாய் போட்ட தேங்காய்த் துவையலில், மட்டும் உஷார். அரிசியும்பருப்பும் சாப்பிட்டு வளர்ந்த நாக்கு நமக்கு. முதல் நாள் எனக்குக் காதே அடைத்துவிட்டது.

குறையும் சொல்லிவிடுகிறேன். உட்கார ஒரே பெஞ்சு. பிளாஸ்டிக் கவர் தரமாட்டார், போசி கொண்டு போக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரம்பரை வந்துவிட்டார்கள் என்று பத்துப் பேருக்குப் பார்சல் கேட்டேன். பானையில் பிட்டு இருந்தது, என் கண்ணாலேயே பார்த்தேன். "நாலு பேருக்குத் தாறன் தம்பி. மிச்சம் மற்ற ஆக்களுக்கு. கனக்க வேணுமெண்டா முதல் நாளே சொல்லுங்கோ" என்றார். காசு கொடுக்கிறவனுக்கு இல்லையா என்று கோபத்தோடு வந்துவிட்டேன். இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

கிரைண்டர் ஓடவில்லை என்று அவரே ஆள் அனுப்பியதால்தான் மறுபடி போனேன். காயில் கருகியிருந்தது. பிரித்துப் போட்டதும் குனிந்து பார்த்தவர், "இது டைனமோ மாதிரித்தானே?" என்று கேட்டார். ஏறக்குறைய அதேதானுங்க்கா என்றேன். அப்புறம்தான் கதை வந்தது. 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோனது. மண்ணெண்ணெய், சோப்பு, பேட்டரி எல்லாவற்றுக்கும் தடை. "சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி, பெடலைக் கையால சுத்தித்தான் ரேடியோ கேட்டனாங்கள். ஒராள் சுத்த, மற்றவை செய்தி கேப்பினம்." மோட்டார் சைக்கிளைச் சில சொட்டுப் பெட்ரோலில் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்களாம். சோப்புக்குப் பதில் பனம்பழச் சாறு. இருபது வருஷமாகக் காயில் கட்டுகிறேன், சைக்கிள் டைனமோவில் நான் ரேடியோ கேட்டதில்லை.

அலமாரியில் ஒரு ஜாம் பாட்டில் விளக்கு இருக்கிறது. அடியில் பஞ்சு, அது நனைகிற அளவுக்கு மண்ணெண்ணெய், நடுவில் நூல் போல ஒரு திரி. காற்றுக்குப் பாட்டிலே மறைப்பு. பாட்டில் மாறியிருக்கிறது, முறை மாறவில்லை. இப்போதும் கரண்ட் போனால் அதைத்தான் ஏற்றுகிறார். அரிசி கழுவிய தண்ணீர் முருங்கைக்குப் போகிறது. தேங்காய் மட்டை அடுப்புக்கு. எனக்குக் கூலி வேண்டாம் என்றேன், விடவில்லை. எண்ணி வைத்தார்.

அன்றைக்குத்தான் அந்த 'மிச்சம்' எங்கே போகிறது என்று பார்த்தேன். பெயின்ட் வேலைக்குப் போகிற ஆட்கள், வேலை கிடைக்காத நாளில், வந்து உட்கார்ந்து சாப்பிட்டுப் போகிறார்கள். தனியாக இருக்கிற பெரியவர்களுக்குப் போசியில் கஞ்சியும் பிட்டும் போகிறது. 2020 ஊரடங்கில் ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. நோட்டும் இல்லை, கணக்கும் இல்லை.

மெயின் ரோட்டில் ஒரு கடை போட்டால் நல்ல வியாபாரம் ஆகுமுங்க என்று யோசனை சொன்னேன். சிரித்தார். "95இல நாவற்குழிப் பாலம் தாண்டேக்க எங்களிட்ட ஒரு சூட்கேசும் ஒரு பானையும். சூட்கேசை வழியில போட்டிட்டம். பானையை விடேல்லை." 1995இல் சண்டையில் யாழ்ப்பாணத்து ஜனங்கள் ஊரை விட்டுக் கூட்டமாக வெளியேறிய பாலம் அது. அந்தப் பானைதானா இது என்று கேட்டேன். "இல்லைத் தம்பி, அது மண்டபத்திலயே ஓட்டையாப் போச்சு." ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமைச் சொல்கிறார்.

போகிறவர்கள் எட்டு மணிக்குள் போய்விடுங்கள், ஒன்பதுக்கு அடுப்பு அணைந்துவிடும். மே 18 அன்று பிட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். 2009இல் இலங்கைப் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் ஜனங்கள் குடித்த உப்புக் கஞ்சி மட்டும்தான் அன்றைக்கு. அதற்குக் காசு வாங்கமாட்டார். சிரட்டையில் ஊற்றித் தருவார், நம் ஊர்த் தேங்காய்த்தொட்டிதான். சூடு கையில் ஏறும், துண்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.